அம்மா ஒருவரே தூக்கிப் போகும்படி சூரிய மின்பெட்டி: ஐப்பசிக்குள் செய்ய வேண்டும், கணக்கைப் பாருங்கள்

கோடியக்கரைக்காரன் | ஆகஸ்ட் 9, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலைக்காகச் சென்னையில் இருக்கிறேன். அம்மா வேதாரண்யம் பக்கத்தில் சொந்த ஊரில் தனியாக இருக்கிறார். வயது 67, ஆஸ்துமா உண்டு. மழைக்காலத்தில் நாளைக்கு மூன்று முறை நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கரையில்தான் ஏறியது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப 24 நாள் ஆனது. அம்மாவை பைக்கில் உட்கார வைத்து, ஜெனரேட்டர் இருக்கும் வீடாகத் தேடிப் போய் நெபுலைசர் வைத்தோம். அதை இன்னொரு முறை அனுபவிக்க நான் தயாராக இல்லை.

புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போனாலும் கையோடு கொண்டுபோகிற மாதிரி பெட்டி வேண்டும். ஒரு கடையில் '1,00,000 எம்ஏஎச், 500 வாட்' என்று எழுதிய ரெடிமேட் பெட்டியும் 60 வாட் மடக்குப் பேனலும் காட்டினார்கள். ஓட வேண்டியவை 12 வோல்ட் ஸ்டாண்ட் ஃபேன், இரண்டு பல்பு, போன், நெபுலைசர். இது போதுமா? வீட்டில் 150 ஏஎச் டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரியும் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

இயற்பியல் டீச்சர் | ஆகஸ்ட் 10, காலை 6.15

எம்ஏஎச் எண்ணை விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்குச் சொன்ன எண். 100 ஏஎச்சை 3.7 ஆல் பெருக்கினால் 370 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஏஎச் என்று நினைத்து வாங்கினால் கையில் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வரும் வாட்-மணி என்ற ஒரே அளவில் எல்லாவற்றையும் எழுதுங்கள், குழப்பம் போய்விடும்.

ஃபேன் 18 வாட், இரவு 9 மணி நேரம்: 162. பல்பு 5 வாட் வீதம் இரண்டு, 5 மணி நேரம்: 50. உங்கள் அம்மாவின் போனும் டார்ச்சும்: 20. கம்ப்ரஸர் நெபுலைசர் 130 வாட் என்று வைத்து, பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை: 65. ஆக மொத்தம் 300 வாட்-மணிக்கு ஒட்டி வருகிறது. அந்தப் பெட்டி சூரியனே இல்லாவிட்டால் ஒரு நாள் தாங்கும், மறுநாள் தாங்காது.

டியூபுலர் பேட்டரியைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? 50 கிலோவுக்கு மேல். அது வீட்டோடு இருக்கட்டும்.

பழைய ஒயர்மேன் | ஆகஸ்ட் 10, காலை 7.02

தம்பி, பேனலைப் பத்தி ஒண்ணு சொல்றேன். பேனல் மேல 60 வாட்னு எழுதியிருக்கறது சோதனைக் கூடத்துல, 25 டிகிரியில, நல்ல வெளிச்சத்துல எடுத்த கணக்கு. நம்ம ஊரு சித்திரை வெயில்ல கண்ணாடி 60 டிகிரிக்கு மேல போயிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் நூத்துல 0.35, 0.4 வீதம் குறையும்.

ஆனா உனக்குச் சித்திரை முக்கியமில்ல. புயல் வர்றது ஐப்பசி, கார்த்திகையில. அப்ப முழு வெயிலுக்குச் சமமா நாளைக்கு மூணரை மணி நேரம் கிடைச்சாப் பெரிசு. 60ஐ மூணரையால பெருக்கி, ஒயர், தூசி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற கன்ட்ரோலர் நஷ்டமெல்லாம் போக 0.7னு வை. 147 வாட்-மணி. உனக்கு வேண்டியதுல பாதிதான். 200 வாட் பேனல்னா 490 வரும். கார்த்திகையை வச்சுக் கணக்குப் போடு. மத்த மாசமெல்லாம் தானா சரியாப் போகும்.

பேரூர் பேனல் | ஆகஸ்ட் 10, பகல் 1.30

கோயமுத்தூர்ல பேனல் மாட்டற தொழில்ல இருக்கறேனுங்க. மடக்குப் பேனல் சுமக்கறதுக்கு லேசுங்க. ஆனா மேல இருக்கற பிளாஸ்டிக் தாள் வெயில்ல மங்கிப் போகுது, தையல் பிரியுது. கண்ணாடிப் பேனல் 100 வாட் ஆறேழு கிலோ வரும், வருசக்கணக்கா உழைக்கும். கூரை மேல நிரந்தரமா மாட்டாதீங்க. புயல் செய்தி வந்ததும் கழட்டிக் கட்டிலுக்கடியில போர்வை சுத்தி வச்சுட்டு, காத்து அடங்கினதும் வெளிய எடுங்க.

கன்ட்ரோலர் கட்டாயம் எம்பிபிடி வகையா வாங்குங்க, அது பேனலோட முழு வாட்டையும் எடுத்துக் குடுக்கும். விலை குறைஞ்ச பிடபிள்யூஎம் வகை கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்துடும். 100 வாட் பேனல் 18 வோல்ட்ல ஐந்தரை ஆம்ப் தரும். அதே ஐந்தரை ஆம்பை 13 வோல்ட்ல எடுத்தா 72 வாட் தானுங்க. கால்வாசிக்கு மேல நீங்களே வீணாக்குற மாதிரி.

திருச்சி அருண் | ஆகஸ்ட் 10, மாலை 5.20

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். மத்திய அரசு மானியத்தில் கூரையில் 3 கிலோவாட் போட்டிருக்கிறோம், 78,000 ரூபாய் கிடைத்தது. இவரும் அதைப் போட்டுவிட்டால் இந்தப் பெட்டிக்கு அவசியமே இல்லையே?

பேரூர் பேனல் | ஆகஸ்ட் 10, மாலை 6.05

உங்க வீட்டு மெயின் கரண்ட் போனா அந்த 3 கிலோவாட்டும் சேர்ந்து நின்னுடுமுங்க. உச்சி வெயில் அடிச்சாலும் நிக்கும். லைனைச் சரி பண்ணக் கம்பத்துல ஏறின ஆளுக்கு உங்க வீட்டுலருந்து கரண்ட் பாஞ்சுடக் கூடாதுன்னு இன்வெர்ட்டரை அப்படித்தான் செஞ்சிருக்காங்க. பேட்டரி வச்ச ஹைப்ரிட்னா வேற விசயம்.

வடமராட்சியான் | ஆகஸ்ட் 10, இரவு 9.48

நான் யாழ்ப்பாணம், வடமராட்சி. 2022 மார்ச் கடைசியில இங்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அப்ப அவசரத்துக்குப் பழைய கார் பற்றரி ஒண்டை எடுத்து, ஃபானும் லைற்றும் பூட்டினனான். மூண்டு மாதத்தில அது செத்துப் போச்சு. கார் பற்றரி எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண ஒரு நொடிக்கு நிறையக் குடுக்கச் செய்தது. இரவிரவா அடிமட்டும் இறக்கினா உள்ளுக்க இருக்கிற தகடு தாங்காது. இது தெரியாமல் எங்கட ஒழுங்கையில நாலு வீட்டுக்காரர் காசைத் துலைச்சவை.

பிறகு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கிச் செய்தன். மூண்டு வருசம் தாண்டியும் ஓடுது. தம்பி, நீங்கள் அதிலயே துவங்குங்கோ.

இயற்பியல் டீச்சர் | ஆகஸ்ட் 11, காலை 6.30

வடமராட்சியான் சொன்னதை வழிமொழிகிறேன். இந்த வேதிப்பொருளைப் பேட்டரிக்கு உகந்ததென்று 1997இல் வெளியிட்டது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் என்ற அறிவியலாளரின் குழு. ஏ.கே. பாதி, நஞ்சுண்டசாமி என்ற இருவரும் அந்த ஆய்வில் உடன் இருந்தவர்கள். குட்இனஃபுக்கு 2019இல் நோபல் கிடைத்தது. பாஸ்பேட் பிணைப்பு ஆக்சிஜனை எளிதில் விடாது. அதனால் போனிலும் லேப்டாப்பிலும் இருக்கும் லித்தியம் வகையைவிட இது தீப்பற்றுவது அரிது. தூங்கும் அறையில் வைக்கப் போகிறீர்கள் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

ஒரு செல் 3.2 வோல்ட். நான்கைத் தொடராக இணைத்தால் 12.8. முழுச் சார்ஜ் 14.4 போதும். ஒரு சிக்கல் உண்டு. 20 சதவீதம் முதல் 90 சதவீதம் வரை இதன் வோல்டேஜ் 12.9இலிருந்து 13.3 வரைதான் நகரும். வோல்ட்மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே போகும், வெளியே வரும் கரண்டைக் கணக்கு வைக்கும் ஷண்ட் மீட்டர் ஒன்று போடுங்கள். அதில் வரும் சதவீதத்தை உங்கள் அம்மாவும் படித்துக்கொள்வார்.

தோப்புக்காரி | ஆகஸ்ட் 11, பகல் 11.10

பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு எங்களுக்கு. கஜாவில் முக்கால்வாசி மரம் போனது. கணக்கெல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

தெருவில் உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இருந்தால் உங்கள் அம்மா கதவைச் சாத்திக்கொள்ள மாட்டார். அந்த 24 நாளை நினைத்துப் பாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் 'உயிரோட இருக்கோம்' என்று சொல்லத்தான் ஊரே போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. நாளைக்குப் பத்துப் போனாவது வரும். போனுக்கு 15 வாட்-மணி என்றால் 150. அதையும் சேர்த்துத்தான் பெட்டி செய்ய வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டால் இரண்டாம் நாள் ராத்திரி உங்கள் அம்மாவுக்கே ஃபேன் இருக்காது. அவர் யாரையும் திருப்பி அனுப்பியிருக்கவும் மாட்டார்.

கோடியக்கரைக்காரன் | ஆகஸ்ட் 11, இரவு 11.25

தோப்புக்காரி அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அம்மாவிடம் போனில் கேட்டேன். 'பக்கத்து வீட்டு மல்லிகா போனை மட்டும் எப்படிடா வேணாம்னு சொல்றது' என்றார். சேர்த்துவிட்டேன்.

புதுக் கணக்கு: 450. நஷ்டம் சேர்த்து நாளைக்கு 500 வாட்-மணி. சூரியனே தெரியாமல் இரண்டு நாள் ஓட 1000. 12.8 வோல்ட் 100 ஏஎச் பேட்டரி 1280 தரும், பத்தில் ஒன்பது பங்கு எடுத்தாலும் 1150. பேனல் 200 வாட். வீட்டுக் கரண்ட் மாதிரியே அலை தருகிற 300 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டர். சரிதானே?

பழைய ஒயர்மேன் | ஆகஸ்ட் 12, காலை 6.50

சரிதான். ஆனா இன்வெர்ட்டரை எந்நேரமும் ஆன்ல வைக்காதே. சும்மா இருந்தாலே அது 10 வாட் தின்னும். 24 மணி நேரத்துக்கு 240. உன் ஒரு நாள் கணக்குல பாதி காணாமப் போயிடும். ஃபேன், பல்பு, போன் எல்லாம் நேரா 12 வோல்ட்ல ஓடட்டும். நெபுலைசர் வைக்கும்போது மட்டும் சுவிட்சைத் தட்டு, முடிஞ்சதும் அணை.

இப்ப சொல்றதைக் கவனமாக் கேளு. முப்பத்தொரு வருசம் ஒயரிங் வேலை பாத்தவன் நான். ரெண்டு வருசம் முன்னாடி இதே மாதிரி நாலு செல்லை நட்டுப் போட்டு முறுக்கிக்கிட்டிருந்தேன். கை வழுக்கி ஸ்பேனர் ரெண்டு முனைக்கும் குறுக்க விழுந்துச்சு. 230 வோல்ட்ல வாழ்ந்த எனக்கு 12 வோல்ட்னா அலட்சியம். வெல்டிங் பத்த வச்ச மாதிரி ஒரு வெளிச்சம். ஸ்பேனர் பாதி உருகிடுச்சு, வலது கை ரெண்டு விரல் வெந்துச்சு. இந்தப் பேட்டரி ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்ப் கொட்டும். செல்லைக் காக்கிற பிஎம்எஸ் சர்க்யூட் அதுக்கு அப்புறம்தான் வருது. செல் முனையில நேரா விழுந்தா அதால ஒண்ணும் பண்ண முடியாது.

அதனால ஸ்பேனர் முழுக்க இன்சுலேஷன் டேப் சுத்து. மோதிரம், வாட்ச் கழட்டு. பாசிடிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 40 ஆம்ப் ஃபியூஸ். 300 வாட் இன்வெர்ட்டர் 26 ஆம்ப் இழுக்கும், அதுக்கு 10 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் போடு. கோளாறு வந்தா தானா விழற வீட்டு எம்சிபி சுவிட்சை இங்க கொண்டு வந்து மாட்டாதே. ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால தீப்பொறி தானா அணையும். டிசில அந்த வசதி இல்ல, பொறி நின்னு எரியும். டிசின்னு எழுதினது மட்டும்.

பேரூர் பேனல் | ஆகஸ்ட் 12, பகல் 2.15

பேனல்லருந்து பெட்டிக்கு ஒயர் எவ்வளவு தூரமுங்க? பேனல் வெயில்ல, பெட்டி வீட்டுக்குள்ள நிழல்லதான இருக்கோணும். 10 மீட்டர்னு வச்சுக்குவோம், போக வர 20. வீட்டு ஒயரிங்ல மிஞ்சின ஒண்ணரை ஸ்கொயர் ஒயர்ல ரெண்டு பேனலையும் பேரலலா இணைச்சா 11 ஆம்ப் ஓடும், 2.7 வோல்ட் வழியிலயே போயிடும். 18ல 2.7! நாலு ஸ்கொயர்னா 1.1 வோல்ட். அதே நாலு ஸ்கொயர்ல சீரீஸா போட்டா 36 வோல்ட், ஐந்தரை ஆம்ப், அரை வோல்ட் போகும், அவ்வளவுதான். நான் சீரீஸைத்தான் சொல்லுவேன்.

தோப்புக்காரி | ஆகஸ்ட் 12, மாலை 4.40

தோப்பு ஓரத்து வீட்டில் சீரீஸ் சரிப்படாது சார். ஒரு மட்டை நிழல் ஒரு பேனலில் விழுந்தால் இரண்டும் சேர்ந்து படுக்கும். நான் இரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

பேரூர் பேனல் | ஆகஸ்ட் 12, மாலை 5.30

பைபாஸ் டையோடு இருக்குதுங்க, நிழல் விழுந்த பகுதியை அது தாண்டி விட்டுடும். ரெண்டும் முழுசாப் படுக்காது.

தோப்புக்காரி | ஆகஸ்ட் 12, இரவு 8.05

இருக்கிறது. ஆனால் ஒரு மட்டையின் ஓலை பேனல் முழுக்கக் கோடு கோடாக நிழல் போடும். எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் விழுகிறபோது எந்த டையோடு எதைத் தாண்டும்? என் மீட்டரில் பார்த்த எண்ணைத்தான் சொல்கிறேன்: 150 வாட் வந்துகொண்டிருந்தது, ஓலை நிழல் ஏறியதும் 40.

பேரூர் பேனல் | ஆகஸ்ட் 12, இரவு 9.20

ஒத்துக்கறேனுங்க. மொட்டை மாடியிலேயே வேலை பாத்துப் பழகிட்டேன், ஓலை நிழலை யோசிக்கலை.

இயற்பியல் டீச்சர் | ஆகஸ்ட் 13, காலை 6.20

வேறு ஒன்று என்னை உறுத்துகிறது. 100 ஏஎச் பேட்டரி 11 கிலோ. பெட்டி, இன்வெர்ட்டர், ஒயர் சேர்ந்தால் 15 தாண்டும். 67 வயதில், ஆஸ்துமாவோடு, தண்ணீர் நிற்கும் தெருவில் அதைத் தூக்கிக்கொண்டு யாரால் புயல் பாதுகாப்பு மையம் வரை நடக்க முடியும்? தலைப்பில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அம்மா ஒருவரே தூக்க வேண்டும் என்று.

இரண்டாகப் பிரியுங்கள். 50 ஏஎச் பெட்டி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு 100 வாட் பேனல், ஒரு 10 ஆம்ப் எம்பிபிடி, ஒரு ஃபியூஸ், ஒரு மீட்டர். இரண்டையும் ஒன்றோடொன்று இணைக்கவே வேண்டாம். ஒன்று ஃபேனுக்கும் நெபுலைசருக்கும், இன்னொன்று பல்புக்கும் தெருப் போன்களுக்கும். சீரீஸா பேரலலா என்ற கேள்வியே எழாது. ஒன்றில் கோளாறு வந்தாலும் அடுத்தது இருக்கும். மையத்துக்குப் போகும்போது நெபுலைசர் பெட்டி மட்டும் போனால் போதும்.

பழைய ஒயர்மேன் | ஆகஸ்ட் 13, காலை 7.10

டீச்சரம்மா, இதுதான் சரி. நான் ஆம்பையே பாத்துக்கிட்டிருந்துட்டேன், தூக்கறவங்களைப் பாக்கல.

வடமராட்சியான் | ஆகஸ்ட் 13, இரவு 10.15

நல்ல யோசனை. ரெண்டு விசயம் சேர்க்கிறன். உப்புக் காத்து. வேதாரண்யமும் எங்கட இடம் மாதிரித்தான், உப்பளம் உள்ள ஊர். வெறும் செம்புக் கம்பி ஆறு மாதத்தில பச்சை பிடிக்கும். வெள்ளீயம் பூசின கம்பி எடுத்து, ஒவ்வொரு முனையிலும் வாசலின் தடவுங்கோ.

மற்றது பூட்டுற ஒழுங்கு. முதல் பற்றரி, பிறகுதான் பனல். கழட்டேக்க முதல் பனல். மாறிச் செய்தா சில கன்ட்ரோலர் எரிஞ்சு போகும், எனக்கு ஒண்டு போனது. அம்மாவுக்குப் பேப்பரில எழுதிக் குடுக்காமல், பிளக்கில நிறம் பூசி விடுங்கோ.

பனலை வெறும் நிலத்தில படுக்கப் போட வேண்டாம். கார்த்திகையில சூரியன் தெற்கால போகும். உங்கட 10 பாகை அகலக்கோட்டில மத்தியானம் அடிவானத்தில இருந்து 60 பாகை உயரத்திலதான் நிக்கும். தெற்குப் பக்கம் பாத்து 30 பாகை சரிச்சு வையுங்கோ.

மதுரை மகள் | ஆகஸ்ட் 14, பகல் 12.30

அப்பாவுக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருக்கிறது. இதே பெட்டி போதுமா? தயவுசெய்து சொல்லுங்கள்.

இயற்பியல் டீச்சர் | ஆகஸ்ட் 14, பகல் 12.55

போதாது. அது 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், நிற்காமல் ஓட வேண்டும். ஒரு நாளைக்கு 7200 வாட்-மணி. இந்தச் சின்னப் பெட்டி பதினொன்றுக்கு மேல் வேண்டும், அதுவும் ஒரே நாளுக்கு. உங்கள் மருத்துவரிடம் பேசி ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை முன்கூட்டியே வீட்டில் வையுங்கள், கரண்ட் போனால் உடனே எங்கே கொண்டுபோவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சூரிய மின்சாரத்தை இதற்கு நம்ப வேண்டாம்.

கோடியக்கரைக்காரன் | செப்டம்பர் 21, இரவு 9.10

வேலை நடக்கிறது. ரிச்சி தெருவில் அலைந்து எட்டு செல் வாங்கினேன். 50 ஏஎச் என்று எழுதியிருந்தது. முழுக்கச் சார்ஜ் செய்து, கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை எரியவிட்டு மீட்டரில் எண்ணினேன். மூன்று செல் 38ஐத் தாண்டவில்லை. பயன்படுத்திய செல்லுக்குப் புதுத் தாள் சுற்றியிருக்கிறார்கள். அளந்த எண்ணைக் காட்டி மாற்றி வாங்க இரண்டு வாரம் போனது. செல் வாங்குகிற யாரும் அளக்காமல் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

பிறகு எல்லாச் செல்லையும் பக்கவாட்டில் இணைத்து 3.65 வோல்ட்டுக்கு ஏற்றி, சமமான பிறகே தொடராகக் கோர்த்தேன். ஒயர்மேன் ஐயா, ஸ்பேனரில் டேப் சுற்றிவிட்டுத்தான் கையில் எடுத்தேன்.

தோப்புக்காரி | செப்டம்பர் 22, காலை 9.00

செய்து முடித்ததும் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள் தம்பி. தினம் ராத்திரி அம்மாவின் ஃபேன் இதில்தான் ஓடட்டும். ஓடிக்கொண்டே இருக்கிற பெட்டிதான் புயலன்று ஓடும். புயல் சின்னம் என்று வானிலைச் செய்தி வந்த அன்றே வீட்டுக் கரண்டில் போட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

கோடியக்கரைக்காரன் | அக்டோபர் 27, இரவு 10.50

ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனபோது இரண்டையும் கொண்டுபோனேன். ஒவ்வொன்றும் 9 கிலோ. நெபுலைசர் பெட்டிக்கு அகலமான தோள்பட்டை வார் தைத்தேன். அம்மா மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார். நடுவில் ஒரு முறை நின்றார், இறக்கி வைக்கவில்லை.

போன வாரம் மழை பிடித்ததும் மறுபடி லீவு போட்டுப் போய், மூன்று நாள் மெயினை அணைத்துவிட்டோம். முதல் நாள் இரண்டு பேனலும் சேர்ந்து 410 வாட்-மணி. இரண்டாம் நாள் விடாத மழை, 95. மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் வெளுத்தது, 340. மூன்றாம் இரவு முடிந்து விடிந்தபோது நெபுலைசர் பெட்டியில் 46 சதவீதம், தெருப் பெட்டியில் 31. ஒயர் முனைகள் சூடேறவில்லை, கையால் தொட்டுப் பார்த்தேன்.

ஒரு குறை இருக்கிறது. நெபுலைசர் ஸ்டார்ட் ஆகிற நொடியில் இன்வெர்ட்டர் சில சமயம் கத்திவிட்டு நிற்கிறது, இரண்டாம் முறை தட்டினால் ஓடுகிறது. யுஎஸ்பியில் ஓடும் மெஷ் நெபுலைசருக்கு மாறலாமா என்று நாளை அம்மாவின் டாக்டரிடம் கேட்கிறேன். அம்மா எடுக்கும் மருந்துக்கு அது ஒத்துவந்தால் இன்வெர்ட்டரையே எடுத்துவிடலாம்.

மூன்று நாளில் தெருப் பெட்டியில் ஏறிய போன்கள் இருபத்தாறு. ஒவ்வொரு போனுக்கும் யாருடையது என்று அம்மா துண்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டி வைத்திருந்தார்.

பழைய ஒயர்மேன் | அக்டோபர் 28, காலை 6.40

தம்பி, அந்த இன்வெர்ட்டர் ஒயர் முனையில இருக்கற லக்கை ஒரு தரம் திரும்ப அழுத்தி கிரிம்ப் பண்ணிப் பாரு. ஸ்டார்ட் ஆகற நொடியில பேட்டரி முனையிலயும் இன்வெர்ட்டர் முனையிலயும் தனித்தனியா வோல்டேஜ் அளந்து இங்க போடு. ரெண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா கோளாறு ஒயர்லதான்.